காப்பு கழற்றி ஊற்றிய தண்ணீர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோவையாக எழுத வராது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படிப்பு. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சாமான் பட்டியலும், அர்ச்சனைச் சீட்டில் வீட்டுப் பேர்களும்தான். மறதி வேறு சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதியிருப்பேன், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள்தான், "நாலு பேர் வந்தா ரூமுக்குள்ள போயிடுற. வாயத் திறந்து ஒண்ணும் சொல்றதில்ல. எழுதியாவது வைம்மா" என்று கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். எதை எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் வீட்டு ஹாலில் மூன்றடி நீளத்துக்கு ஒரு கடல் இருக்கிறது. அது வந்த கதையை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கிள்ளானில், மேரு போகிற சாலைப் பக்கம், வரிசை வீடு. நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான். அவர் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவர். கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணி, கட்டையில் சொருகிய தாளில் நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே வருகிற வேலை. வேலையை விட்ட பிறகும் எண்ணுவது அவரை விடவில்லை. பாசாரில் வாங்கிய முருங்கைக்காயை மேசையில் பரப்பி எண்ணுவார். "பன்னெண்டுன்னான், பதினொண்ணுதான் இருக்கு" என்பார். அந்த ஒரு முருங்கைக்காய்க்காகத் திரும்பப் போகவும் மாட்டார். எண்ணிச் சொல்லிவிட்டால் போதும் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார். பெரிதாக ஒன்றும் பிடித்து வந்ததில்லை. ஒரு நாள் பாறையில் வழுக்கி விழுந்து முட்டி போய்விட்டது. மகள் தூண்டிலை எடுத்துத் தன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் ஹாலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் சமையலறையில் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது.

மகள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஃபிளாட்டில் இருக்கிறாள். அவளுக்கு மேல் வீட்டில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், கம்ப்யூட்டர் வேலைக்கு விசாவில் வந்தவர், குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பிப் போகிற சமயம். அவரிடம் கடல் மீன் வளர்க்கிற தொட்டி ஒன்று இருந்தது. மீனையெல்லாம் கொடுத்துவிட்டு, தொட்டியைக் கழுவிக் காயவைத்து, "உங்க அப்பா கடல் பைத்தியம்னு சொல்வீங்களே, அவருக்கு வேணுமா?" என்று கேட்டாராம். மகள் என்னிடம் போனில் சொன்னாள். நான் "சரி" என்றேன். எனக்கு வேண்டாம் என்று சொல்ல எப்போதும் வராது. இந்தத் தடவை சொல்லவும் தோன்றவில்லை.

லோரியில் வந்து இறங்கியது. கண்ணாடித் தொட்டி, அதற்கு ஒரு ஸ்டாண்டு, விளக்கு, தண்ணீரைச் சுற்றிவிடுகிற சின்ன மோட்டார்கள். வெயில் படாத சுவராக வேண்டும் என்றதால் என் தையல் மிஷின் படுக்கையறைக்குப் போனது. ஸ்டாண்டு மட்டமாக நிற்கிறதா என்று பார்க்க வீட்டுக்காரர் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, குனிந்து, நிமிர்ந்து, ஒரு காலுக்கு அட்டை வைத்து, மறுபடியும் குனிந்து, ஒரு காலைப்பொழுது முழுக்க அதே வேலை. முட்டி வலியைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

தொட்டியோடு அந்தத் தமிழ்நாட்டுக்காரர் ஒரு தாளும் கொடுத்திருந்தார். என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று எல்லாம் ஆங்கிலத்தில். வீட்டுக்காரர் அதை காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு எனக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். நான் பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"பைப் தண்ணிய நேரா ஊத்தக் கூடாது. சோப்புக் கைய உள்ள விடக் கூடாது. கொசு மருந்து அடிக்கக் கூடாது. காப்பர் கூடவே கூடாது."

"காப்பு கூடாதா?" என்றேன்.

"ஆமா. அது சுத்தமா ஆகாதாம்."

அவர் சொன்னது ஒன்று, எனக்குக் கேட்டது ஒன்று. இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டோம். கண்ணாடியில் கீறல் விழுந்துவிடும் என்று சொல்கிறார்கள்போல என்று நான் நினைத்தேன். கல்யாணத்தில் போட்ட இரண்டு காப்பும் கையை விட்டு இறங்கியதே இல்லை. அன்றைக்குச் சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. அதற்குப் பிறகு தொட்டிப் பக்கம் போனால் முதலில் காப்பைக் கழற்றி சாமி மேடையில் வைத்துவிட்டுத்தான் போவேன். அவர் அதைக் கவனித்தாரோ இல்லையோ, எதற்கு என்று கேட்டதில்லை.

கடல் உண்டாக்குகிற வேலை இப்படித்தான் நடந்தது. பக்கெட்டில் ஃபில்டர் தண்ணீர் பிடித்து அதில் உப்பைக் கலக்கவேண்டும். சமையல் உப்பு இல்லை, அதற்கென்றே பையில் விற்கிறார்கள். எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று பார்க்க, உள்ளே ஒரு முள் ஆடுகிற பிளாஸ்டிக் டப்பி. அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, "ஒண்ணு பாயிண்ட் சைபர் ரெண்டு அஞ்சு" என்று அறிவிப்பார். நான் சமையலறையில் இருந்து "சரிங்க" என்பேன். அவர் அதைத் தன் நோட்டில் எழுதுவார். உப்பு எத்தனை கப், தண்ணீர் எத்தனை பக்கெட், தேதி, நேரம் எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. துறைமுகத்தில் எழுதிய அதே கையெழுத்து.

வெள்ளை மணல் போட்டார். பிறகு கிள்ளானிலேயே கடல் மீன் விற்கிற சீனர் கடையில் இருந்து ஈரத் துணியில் சுற்றிய கற்கள் வந்தன. அதை அவிழ்த்தபோது ஹால் முழுக்க, கடல் வற்றிய நேரத்தில் படகுத்துறையில் அடிக்கிற வாடை. அவர் கல்லை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து மோந்துகொண்டு நின்றார். நான் அதைக் கழுவ எடுத்தேன். இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே வந்தார்.

"தொடாத! அதுல உயிர் இருக்கு."

"கல்லுலயா?"

"கண்ணுக்குத் தெரியாத பூச்சி எல்லாம் இருக்கு. அதுங்கதான் தண்ணிய சுத்தம் பண்ணும். நீ சுத்தம் பண்ணா அதுங்க செத்துடும்."

சுத்தம் பண்ணினால் சாகிற சாமானை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் கையை எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான். மீன் விடக்கூடாதாம். தண்ணீர் பழகவேண்டுமாம். சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டு, என்ன நிறம் வருகிறது என்று தினமும் பார்ப்பார். ஒரு மாசமோ என்னவோ, தண்ணீரும் கல்லும் மட்டும்தான். கேஸ் கொண்டு வருகிற ஆள் சிலிண்டரைத் தோளில் வைத்தபடி நின்று பார்ப்பான்.

"என்ன அங்கிள், மீனெல்லாம் லீவா?"

"இன்னும் வேலைக்கே சேரல லா. மெடிக்கல் செக்கப் நடக்குது" என்பார் இவர்.

அவர் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. நான் உள்ளே நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

முதலில் நாலு நத்தை வந்தது. பிறகு ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட சின்ன மீன் இரண்டு. கடைசியாக ஒரு இறால். நாம் சம்பல் வைக்கிற இறால் மாதிரி நினைக்காதீர்கள். சிவப்பு முதுகில் நடுவே ஒரு வெள்ளைக் கோடு, நீள நீளமாக வெள்ளை மீசை. மீன் மேல் இருக்கிற அழுக்கைப் பொறுக்கித் தின்னுமாம். வீட்டுக்காரர் கையைத் தண்ணீருக்குள் விட்டு அசையாமல் வைத்தால், அது கல்லில் இருந்து இறங்கி வந்து விரல் மேல் ஏறி நகத்தோரத்தைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"இந்தா, வந்து பாரு. உன்னைவிட நல்லா வேலை செய்யுது."

"சம்பளம் கேக்காத வரைக்கும் சரி" என்று நான் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார். நான் பதில் பேசியது அவருக்கு ஆச்சரியம்.

ஒரு நாள் காலையில் இறால் மணலில் கிடந்தது. அசைவு இல்லை, உடம்பு வெளுத்துப்போயிருந்தது. நான் பதறிப்போய் அவரைக் கூப்பிட்டேன். அவர் வலையில் எடுத்தார். காற்று மாதிரி கனமே இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் தோல். கல்லுக்குப் பின்னால் இருந்து உண்மையான இறால் மீசையை ஆட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது. "சட்டைய உரிச்சுப் போட்டிருக்கு. துவைக்கிறியா?" என்று கேலி செய்தார். அந்தக் காய்ந்த தோலை ஒரு தீப்பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

இப்போது நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

நம் ஊர் சூட்டில் தொட்டித் தண்ணீர் சூடாகிவிடும் என்று மேலே ஒரு சின்ன காற்றாடி மாட்டியிருந்தார். அதனால் தினமும் விரல் அகலத்துக்குத் தண்ணீர் வற்றிவிடும். வற்றுவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே நிற்கும். இதை அவர் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. குழம்பு கொதித்து வற்றினால் உப்புக் கரிக்கும், வெறும் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். அதே கணக்குத்தான். ஃபில்டர் தண்ணீரைப் பிளாஸ்டிக் கேனில் பிடித்துவைத்து அவர்தான் தினமும் ஊற்றிவந்தார்.

பிறகு அவருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்புத் தண்ணீர் கலக்கிறதை மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவரே பார்த்துக்கொண்டார். தினமும் தண்ணீர் ஊற்றுவது என் வேலை ஆனது.

எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர் செம்பில்தான் இருக்கும். என் அம்மா கொடுத்த செம்பு. வயிறு அகலமாக, இரண்டு பெரிய போத்தல் தண்ணீர் பிடிக்கும். வெள்ளிக்கிழமை தோறும் கேட்டுக்குப் பக்கத்துக் குழாயடியில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்ப்பேன். சிவப்பாகப் பளபளக்கும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்தியபடி, "சந்திக் தெம்பாகா, ஆச்சி!" என்பாள். அழகாக இருக்கிறது என்று சொல்கிறாள். அவள் பாஷையில் என் செம்புக்குத் தெம்பாகா என்று பேர் என்று நான் மனசில் வைத்திருந்தேன். ராத்திரி அதில் தண்ணீர் பிடித்து மூடிவைத்துக் காலையில் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று அம்மா சொல்வாள். இத்தனை வருஷமாக அப்படித்தான் குடிக்கிறோம்.

பிளாஸ்டிக்கில் கிடந்த தண்ணீரை அந்த இறாலுக்கு ஊற்றுவானேன் என்று எனக்குத் தோன்றியது. அவர் விரலைச் சுத்தம் செய்கிற ஜீவன். நாம் குடிக்கிற நல்ல தண்ணீரையே அதற்கும் கொடுப்போம் என்று, காலையில் அவர் குளிக்கப் போன நேரத்தில், காப்பைக் கழற்றி சாமி மேடையில் வைத்துவிட்டு, செம்பை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்து மெதுவாக ஊற்றுவேன். மணல் கலையாமல் ஊற்றப் பழகிக்கொண்டேன். தினமும் முக்கால் செம்பு. அபிஷேகம் செய்கிற மாதிரி இருக்கும்.

முதலில் நத்தைகள் கண்ணாடியில் இருந்து ஒவ்வொன்றாக விழுந்தன. நாலும் போயின. கொஞ்ச நாளில் இறால் மணலில் கிடந்தது.

"சட்டை உரிச்சிருக்கும்" என்றார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வலையை விட்டு எடுத்தார். எடுத்ததுமே அவர் கை நின்றுவிட்டது. இந்தத் தடவை கனம் இருந்தது.

அன்றைக்கு முழுக்க அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். உப்பைக் கூட்டிப் போட்டுவிட்டோமோ என்று சந்தேகம். முள் டப்பியில் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. நிறம் பார்க்கிற குப்பியிலும் குறை தெரியவில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு இறால் வாங்கி வந்தாள். மறுநாள் காலையில் அதுவும் செத்துக் கிடந்தது.

அப்போதுதான் அவர் நோட்டில் ஒரு பக்கத்தைக் காட்டினார். நடுவில் ஒரு நாளே இல்லை. அதற்கு முந்தின நாளும் பிந்தின நாளும் இருக்கிறது, அந்த ஒரு நாள் வெறுமையாக இருக்கிறது.

"அன்னைக்கு நான் என்ன பண்ணேன்னு ஞாபகம் வரல. உப்பு ரெண்டு தடவ போட்டேனோ, மருந்தப் போட்டேனோ. கண்ணு இப்போ நல்லாத் தெரியுது. அப்படின்னா கோளாறு கண்ணுல இல்ல."

நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன்.

"அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார்.

அவருடைய அண்ணன் ஜெஞ்சாரோமில் இருந்தவர். முதலில் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடினார். பிறகு தினமும் போகிற செம்பனைத் தோட்டத்துப் பாதையில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். கடைசியில் அண்ணியைப் பார்த்து "நீ யாரும்மா?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் அப்போது பக்கத்தில்தான் இருந்தோம்.

"வர்ற ஞாயித்துக்கிழமை அந்தக் கடைக்காரன வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லு. இதெல்லாம் தலை சரியா இருக்கிறவன் செய்யிற வேலை."

அதற்குப் பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், தொட்டிக்கு முதுகு காட்டி. இரண்டு மீனும் நல்லாத்தான் இருந்தன, கண்ணாடியோரம் வந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நீந்தின. அந்த வாரம் பாசாரில் வாங்கிய முருங்கைக்காயை மேசையில் வைத்தேன். அவர் எண்ணவில்லை. நானே எண்ணிப் பார்த்தேன். பத்து இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அப்பா சொன்னதைச் சொன்னேன். "எடுத்துக்கச் சொல்றதுக்கு முன்னாடி தண்ணிய ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாப்போம்மா" என்றாள். ஒரு போத்தலில் தொட்டித் தண்ணீர் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் காரில் போனோம். கடைக்கு முன்னால் நிறுத்த இடமில்லை. பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது.

"நீ இறங்கிப் போம்மா. நான் ஒரு சுத்து சுத்திட்டு வரேன்."

"நானா? எனக்கு என்ன பேசத் தெரியும்?"

"போத்தலக் குடு, டெஸ்ட்னு சொல்லு. அவ்வளவுதான் லா!"

இறங்கிவிட்டேன். கடைக்குள்ளே எல்லாப் பக்கமும் நீல வெளிச்சம், தண்ணீர்ச் சத்தம். கடை முதலாளி, தவுக்கே, கல்லாவில் இருந்தார். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் முன்னால் போய் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் போத்தலை மார்போடு பிடித்துக்கொண்டு ஒரு நண்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். கடைசியில் அவரே, "ஆன்டி, என்ன வேணும்?" என்று மலாயில் கேட்டார். போத்தலை நீட்டினேன். இறால் செத்துவிட்டது, நத்தை செத்துவிட்டது, மீன் சாகவில்லை என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். மீன் சாகவில்லை என்றதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேறு ஒரு பெட்டி எடுத்து, குப்பியில் சொட்டு விட்டு, குலுக்கி, அட்டையோடு சேர்த்துப் பிடித்தார். நிறம் மாறியது. நீலமோ ஊதாவோ, எனக்கு நினைவில்லை.

"ஆன்டி, காப்பர்! காப்பர் நிறைய!"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. நான் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்கிறேன். அவருக்குப் புரியட்டும் என்று இரண்டு கையையும் நீட்டி, மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி, "இல்லை, இல்லை, கழற்றிவிட்டுத்தான் ஊற்றுவேன்" என்றேன். அன்றைக்கும் போத்தலில் தண்ணீர் பிடிக்கக் காப்பைக் கழற்றியிருந்ததால் கை வெறுமையாகத்தான் இருந்தது. தவுக்கே என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கைவலி என்று நினைத்துக்கொண்டார்போல.

பிறகு நிதானமாக, "தெம்பாகா, ஆன்டி. தெம்பாகா. ரூமா அடா தெம்பாகா?" என்றார். வீட்டில் தெம்பாகா இருக்கிறதா என்று கேட்கிறார்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து யாரோ என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. சந்திக் தெம்பாகா, ஆச்சி. நான் நண்டுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

எவர்சில்வரில் இருந்தாலும் செம்புதான், வெள்ளியில் இருந்தாலும் செம்புதான். தண்ணீர் மொள்ளுகிற பாத்திரத்துக்கு அதுதான் பேர். அந்தப் பேர் எதனால் வந்தது என்று நான் என் வாழ்நாளில் யோசித்ததில்லை. தவுக்கே சொன்னது இவ்வளவுதான்: காப்பர் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும், மனுஷனுக்கும் மீனுக்கும் தாங்கும், இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். தண்ணீர் வற்றினாலும் அது வற்றாது, சேர்ந்துகொண்டே போகும். உப்பு மாதிரி.

காரில் ஏறியதும் மகள், "என்னம்மா சொன்னாரு?" என்றாள். "தண்ணில என்னமோ இருக்காம்" என்றேன். முதலில் சொல்லவேண்டியது அவளிடம் இல்லை. தண்ணீரில் இறங்கியதை உறிஞ்சி எடுக்கத் தவுக்கே கொடுத்த பஞ்சும் கரியும் மடியில் இருந்தன. மகள் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுக் கிளம்பினாள்.

அவர் நாற்காலியில்தான் இருந்தார்.

"என்னங்க, தண்ணில காப்பர் இருக்காம்."

"காப்பரா? அது எப்படி வரும்?"

"பைப்பா இருக்கும்னு..." என்றேன். என் வாய் தானாகச் சொன்னது. தவுக்கே பைப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

அவர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. "பைப்புன்னா முதல் மாசமே செத்திருக்கணும். அதே பைப்பு, அதே ஃபில்டர். நீயும் உன் மகளும் வழியில பேசி வச்சிட்டு வந்தீங்களா? எனக்கு ஆறுதல் வேணாம், இந்தா. அண்ணனுக்கும் எல்லாரும் இப்படித்தான் சொன்னோம். உங்களுக்கு ஒண்ணும் இல்லண்ணேன்னு."

நான் சமையலறைக்குப் போனேன். செம்பு மேடையில் இருந்தது, காலையில் ஊற்றியது போக அடியில் கொஞ்சம் தண்ணீரோடு. அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திட்டுவார் என்ற பயம் இல்லை. அவர் என்னைத் திட்டியது குறைவு. நான் செய்ததை நானே வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். பிறகு செம்பைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தேன்.

"இதுலதான் ஊத்தினேன்."

"எதுல?"

"செம்புல. உங்க கண்ணு ஆபரேஷன்ல இருந்து. தினமும். காப்பக் கழட்டி வச்சிட்டுத்தான் ஊத்தினேன்."

"காப்ப ஏன் கழட்டின?"

"நீங்கதானே படிச்சீங்க, காப்பு கூடாதுன்னு."

அவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். என் வெறும் கையைப் பார்த்தார். "செம்பு" என்றார். "காப்பர்" என்றார். மறுபடியும் "செம்பு" என்றார். தலையில் கை வைத்துக்கொண்டார். "நானும்தான் தினம் இதுல குடிக்கிறேன். செம்பக் கொண்டா, செம்பக் கொண்டான்னு நாளுக்குப் பத்து தடவ சொல்றேன். ஒரு தடவகூடத் தோணலயே."

பிறகு சட்டென்று நிமிர்ந்து, "எத்தனை நாளு ஊத்தின?" என்று கேட்டார். நோட்டை எடுத்தார். ஆபரேஷன் ஆன தேதியில் விரலை வைத்து ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு வந்தார். அந்த வெறும் நாள் வந்ததும் விரல் நின்றது.

"இது... ரெண்டாவது தடவ கண்ணு காட்டப் போன நாளு. காலையில போயி சாயந்தரம்தானே வந்தோம்? நீ தோசை கட்டி எடுத்துட்டு வந்த. நர்ஸ் பேரக் கூப்பிட்டப்ப நான் கக்கூஸ்ல இருந்தேன்."

"ஆமாங்க. சட்னி வேற ஊத்திடுச்சு, என் பையில."

"அன்னைக்கு நான் தொட்டியத் தொடவே இல்ல. அதான் எழுதல." அந்த நாளில் இருந்து விரலை எடுத்தார். "நான் மறக்கல" என்றார்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆபரேஷன் ஆன கண்ணைத் துடைத்தார். "கண்ணுல கை வைக்காதீங்க, டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன். வேறு என்ன சொல்ல? "இறாலுக்கு மன்னிச்சுக்கங்க" என்றும் சொன்னேன். அது சொல்லத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"நாலு நத்தை, ரெண்டு இறால்" என்றார், நோட்டைப் பார்த்தபடி. "உன் பேர்ல எழுதிக்கிறேன். மேல போனா நீயே பதில் சொல்லிக்க."

நாற்காலியைத் திருப்பிப் போட்டார். அன்றைக்கே கரியும் பஞ்சும் உள்ளே போனது. வாரம் தவறாமல் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக உப்புத் தண்ணீர் கலந்து ஊற்றினோம். நான் பக்கெட் தூக்க, அவர் எண்ண. கல்லுக்குள்ளும் இறங்கியிருக்கும் என்று தவுக்கே சொன்னதால் சில கற்களை மாற்றினோம். ரொம்ப நாள் சொட்டு மருந்தில் நிறம் வராமல் இருந்த பிறகுதான் மறுபடியும் நத்தை விட்டார். அது பிழைத்த பிறகு இறால். புது இறால் முதலில் அவர் கையைக் கண்டு பயந்தது. இப்போது ஏறுகிறது. என் கையிலும் ஒரு நாள் ஏறியது, கூசியது, உதறிவிட்டேன்.

செம்பில் இன்னமும் குடிக்கிறோம். ஆனால் அதன் வயிற்றில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்காரர் அழகான கையெழுத்தில், எனக்காகத் தமிழில், 'காப்பர்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். வெள்ளிக்கிழமை தேய்க்கும்போது நனைந்து கிழிந்துபோகும். மறுபடியும் எழுதி ஒட்டுவார். பக்கத்து வீட்டு அம்மா அது என்ன மந்திரமா என்று கேட்டாள். காப்பைக் கழற்றவேண்டியதில்லை என்று தெரிந்தும், தொட்டிப் பக்கம் போனால் என் கை தானாகக் கழற்றுகிறது.

எழுதி முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். தொட்டித் தண்ணீர் பழக எத்தனை நாள் ஆனது, நான் எத்தனை நாள் ஊற்றினேன், குப்பியில் வந்த நிறம் என்ன, இதெல்லாம் நான் சொன்னது தப்பாக இருக்கலாம். யாராவது சரிபார்க்கவேண்டும். மகளிடம் கேட்காதீர்கள், அவள் காரில் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். நோட்டைக்கூடப் பார்க்கமாட்டார், அப்படியே சொல்லுவார்.